சன்யாசம்மாவின் சனிக்கிழமைகள்

விஜயநகரத்தில் தெருவுக்கு இரண்டு சன்யாசம்மாக்களாவது இருப்பார்கள். பெயரைக் கேட்டுவிட்டுப் பட்டினி கிடக்கிறவர்கள் என்று நினைக்க வேண்டாம். எல்லோரும் வயிறாரச் சாப்பிடுகிறவர்கள்தான். அதிலும் நான் சொல்லப்போகிற சன்யாசம்மா பாதித் தெருவுக்கு ராத்திரிச் சாப்பாடு தந்தவள். கோட்டைக்குத் தெற்கே, மரம் அறுக்கும் கடைக்கும் பங்காரம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரு கர்ரி பாயிண்ட் வைத்திருந்தாள். சோற்றை அவரவர் வீட்டில் வடித்துக்கொள்ள வேண்டியது. குழம்பு, வறுவல், துவையல், பொடி, தயிர் எல்லாம் அவளிடம் வாங்கிக்கொள்ள வேண்டியது. அவள் கடையில் புளிச்சகீரைக்குத் தாளிக்கும்போது கோட்டை வாசலில் நிற்கும் கல் யானை தும்பிக்கையைத் தூக்கும் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். கல் யானை அங்கே இருக்கிறதா என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். வாசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சமைத்தவள் சன்யாசம்மா அல்ல. அவள் புருஷன் சிம்மாசலத்தின் அக்கா நரசாயம்மா. புருஷனின் அக்காளை எங்கள் பக்கத்தில் ‘வதினா’ என்பார்கள். சிம்மாசலம் லாரி ஓட்டப் போய் ஒரிசா எல்லையில் செத்துப்போன வருஷமே சன்யாசம்மா வேலை பார்த்த சணல் ஆலையும் மூடிவிட்டது. ஆலைக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னபோது கைக்குழந்தையோடு நின்றவளை, “இங்க நின்னு யாரைப் பார்க்கறே, வண்டியில ஏறு பிள்ளே” என்று கூட்டி வந்தவள் நரசாயம்மா. அவளும் அப்போது விதவை. இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொத்தென்று இருந்தது நரசாயம்மாவின் கைப்பக்குவமும் சன்யாசம்மாவின் தலையும்தான்.

அந்தத் தலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆலையில் அவளுக்குச் சோதனை அறையில் வேலை. ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் ஒரு நூலை எடுத்து, அது அறுகிற வரைக்கும் இழுத்து, எவ்வளவு பாரத்தில் அறுந்தது என்று கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்க வேண்டும். ஒரு புள்ளி சறுக்கினால் பேசாமல் இருக்க வேண்டும். நாலைந்து புள்ளிகள் சேர்ந்தாற்போல ஒரே பக்கம் இறங்கினால் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். போய்ப் பார்ப்பதற்கு முன்னால் இயந்திரத்தில் நிற்கிற ஆளைத் திட்டக் கூடாது. இது அந்த அறையின் வழக்கம். ஆலை போனது, வழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. கடை வைத்ததும் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு தாளை எடுத்து பீரோவின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டாள். ராத்திரி குண்டானில் என்ன மிஞ்சுகிறது என்று கரண்டியால் அளந்து, மிச்சம் கூடக்கூடக் கீழே இறக்கிப் புள்ளி வைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள்.

மகன் கௌரீசு வளர்ந்து, கல்யாணம் ஆகி, கல்லாவில் உட்கார்ந்த பிறகு எல்லாவற்றையும் போனில் ஏற்றினான். எது எத்தனை பொட்டலம் விற்றது என்று போன் சொல்லும். ஒரு நாள் அவன், கத்தரிக்காய் குறைவாகத்தான் விற்கிறது, இன்னும் குறைத்துவிடலாம் என்றான். சன்யாசம்மா ஒரு ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் கல்லாப் பக்கத்தில் வைத்தாள். ஏதாவது ஒன்றைக் கேட்டு, தீர்ந்துவிட்டதென்று யாராவது திரும்பிப் போனால் அதில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும், கத்தரிக்காய் கேட்டவர் என்றால் கொட்டையில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்துப் போட வேண்டும் என்றாள். வாரம் முடியும்போது ஜாடியில் பாதிக்கு மேல் கத்தரிக்காய் கேட்டு வந்து வெறுங்கையோடு போனவர்கள் கிடந்தார்கள். குறைவாகச் சமைத்ததால் குறைவாக விற்றது, அவ்வளவுதான். “உன் போன் வந்து வாங்கினவனைத்தான் பார்க்கும்டா, திரும்பிப் போனவன் முதுகை அது பார்க்காது” என்றாள். அன்றிலிருந்து கத்தரிக்காய்க்குப் பெரிய குண்டான் வந்தது. கௌரீசு கெட்டிக்காரன். ஆனால் ஒரு காரணம் கிடைத்துவிட்டால் இன்னொன்றைத் தேடுகிற பொறுமை கிடையாது.

சனிக்கிழமை விவகாரம் அப்படித்தான் ஆரம்பித்தது.

சனிக்கிழமைகளில் குழம்பு மிஞ்ச ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம். பிறகு குண்டானில் பாதி. எங்கள் ஊரில் சனிக்கிழமை ராத்திரி வெங்கன்னாவுக்காக, அதாவது திருப்பதிப் பெருமாளுக்காக, சோறு தொடாதவர்கள் நிறையப் பேர். உப்புமாவோ இட்லியோ சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். விரதம் பிடிக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள், அன்றைக்குக் கடையை மூடிவிடலாம் என்று கௌரீசு சொன்னான். சன்யாசம்மாவுக்கும் முதலில் அது சரியாகத்தான் பட்டது. மூடாமல், சனிக்கிழமைச் சமையலைக் குறைத்துப் பார்த்தாள். குறைத்ததும் மிஞ்சியது. இன்னும் குறைத்தாள். அதுவும் மிஞ்சியது. போதாததற்கு, ஞாயிறும் திங்களும் கூட்டம் மெலிந்தது. சனிக்கிழமை வந்த முகங்கள் செவ்வாய்க்கிழமை வரை திரும்பி வரவில்லை. விரதம் முடிந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பசிக்காதா என்ன?

அவள் பீரோவிலிருந்து தாள்களைப் பிய்த்தெடுத்துத் தரையில் பக்கம் பக்கமாகப் பரப்பினாள். சனிக்கிழமைப் புள்ளிகளை மட்டும் பார்த்தாள். கத்தரிக்காய் இறங்கியிருந்தது. புளிச்சகீரை இறங்கியிருந்தது. சுரைக்காய்ப் புளிக்குழம்பு அதலபாதாளத்தில் கிடந்தது. தயிர் இறங்கவில்லை. துவரம்பருப்பில் இடிக்கிற கந்திப்பொடி இறங்கவில்லை. அப்பளம் இறங்கவில்லை.

தயிரும் பொடியும் எதற்கு வாங்குகிறார்கள்? சோற்றுக்குத்தான். அப்படியானால் சனிக்கிழமை ஊர் சோறு சாப்பிடத்தான் செய்கிறது. சாப்பிடுகிறவர்கள் கடைக்கும் வருகிறார்கள். வந்து, அன்றைக்கு அடுப்பில் ஆனதை விட்டுவிட்டு மற்றதை வாங்கிப் போகிறார்கள். தயிர் பால்காரனுடையது. பொடி வியாழக்கிழமை இடித்தது. அப்பளம் யாரோ இட்டது. சனிக்கிழமைக் கையால் ஆனது குழம்பு மட்டும்.

சன்யாசம்மா தாள்களை அடுக்கி வைத்தாள். விரதம் கடைக்கு வருகிறவர்களுடையது அல்ல, சமைக்கிறவளுடையது என்று புரிந்துவிட்டது.

நரசாயம்மாவின் ஒரே மகன் ராமிநாயுடு வடகிழக்கே எங்கோ பாலம் கட்டுகிற வேலைக்கு மேஸ்திரியோடு போனவன். கொஞ்ச காலம் போன் வந்தது. பிறகு வரவில்லை. மேஸ்திரியைத் தேடிப் பிடித்துக் கேட்டதில், வேறு ஆட்களோடு வேறு இடத்துக்குப் போய்விட்டான் என்றான். எந்த இடம் என்று அவனுக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து நரசாயம்மா வெங்கன்னாவுக்கு நேர்ந்துகொண்டாள். மகன் வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் சனிக்கிழமை நாக்கில் ஒரு பருக்கையோ ஒரு சொட்டோ படாது. சமைப்பாள், ருசி பார்க்க மாட்டாள். கரண்டியை வேறொருத்தர் நாக்குக்குக் கொடுத்து எச்சிலாக்கவும் விடமாட்டாள்.

அதை அவளிடம் எப்படிச் சொல்வது? உங்கள் விரதத்தால் குழம்பு கெடுகிறது என்றா? விரதத்தை விடு என்றால் மகனை விடு என்று அர்த்தம். ஊர் விரதம் இருக்கிறது என்ற கௌரீசின் காரணத்தோடேயே நிறுத்திக்கொண்டால் யாருக்கும் நோகாது. சனிக்கிழமை மூடிவிட்டால் பேச்சே எழாது. அப்படியே விட்டுவிடலாம் என்று அவள் ஒரு வாரம் நினைத்ததுண்டு.

விடாமல் செய்தது பழைய தாள்கள். கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டியில் எல்லா வருஷத்தையும் கட்டிப் போட்டிருந்தாள். எடுத்துப் பார்த்தால், ராமிநாயுடு காணாமல் போன பிறகும் வருஷக்கணக்கில் சனிக்கிழமைப் புளிக்குழம்புதான் வாரத்திலேயே குறைவாக மிஞ்சியிருக்கிறது. அப்போதும் விரதம் உண்டு. அப்போதும் ருசி பார்க்கவில்லை. ஆவியைக் கையால் வாரி மோந்து பார்த்தே உப்பு எத்தனை, புளி எத்தனை என்று சொல்லிவிடுவாள் நரசாயம்மா. பக்கத்துத் தெருக் குழம்பில் உப்பு குறைவு என்று இங்கே இருந்தபடி சொல்வாள் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. ஆக, விரதமும் காரணமில்லை. புள்ளிகள் இறங்க ஆரம்பித்தது போன வருஷத்து மழைக்காலத்தில். அந்த மழையில் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது என்பது மட்டும் நினைவிருந்தது. அதற்கு மேல் தாள் எதுவும் சொல்லவில்லை.

மீதியைச் சொன்னவள் பங்காரம்மா.

பங்காரம்மாவுக்குச் சாமி பயம் கிடையாது. சனிக்கிழமையானால் வேண்டுமென்றே கருவாடு வறுப்பாள். அவள் சமையலறை ஜன்னலும் நரசாயம்மாவின் அடுப்பும் எதிரெதிர். நெருப்பில் கருவாடு விழுந்த மாத்திரத்தில் இங்கிருந்து நரசாயம்மா, “சனிக்கிழமையும் அதுவுமா நாறடிக்கிறா பாரு, இவ மூக்குல கொள்ளியை வைக்க” என்று ஆரம்பிப்பாள். அங்கிருந்து பங்காரம்மா, “நீ திங்கலேன்னா ஊரே திங்கக் கூடாதாக்கும்” என்பாள். தெருவில் எங்களுக்கெல்லாம் அது வாராவாரம் நடக்கிற கச்சேரி.

ஒரு நாள் குழாயடியில் பங்காரம்மா சன்யாசம்மாவைப் பிடித்துக்கொண்டாள். “ஏம்மா, உங்க வதினாவுக்கு எம்மேல என்ன கோவம்?”

கோபமெல்லாம் ஒன்றும் இல்லையே என்று சன்யாசம்மா சொன்னாள்.

“இல்லேன்னா ஏன் திட்டறதில்லே? வருஷம் ஆகப்போகுது. நானும் சனிக்கிழமை தவறாம வறுக்கிறேன், ஜன்னலைத் தெறந்து வெச்சே வறுக்கிறேன். ஒரு வார்த்தை வரலே. மனுசியை மதிச்சா ரெண்டு வார்த்தை திட்ட மாட்டாளா?”

சன்யாசம்மா நிரம்பிய குடத்தை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டாள்.

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒருவர் சனிக்கிழமை வாங்கிய பொட்டலத்தைத் திருப்பிக்கொண்டு வந்து, உப்பும் இல்லை, பெருங்காயமும் இல்லை, வெந்நீரில் புளியைக் கரைத்துக் கொடுக்கிறீர்களா என்று கௌரீசு முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். கௌரீசுக்கு இப்போது வேறொரு காரணம் கிடைத்துவிட்டது. அத்தைக்கு வயதாகிவிட்டது. கல்யாண மண்டபங்களில் சமைக்கும், ராஜாம் என்ற ஊரைச் சேர்ந்த ஆள் ஒருவரைப் பேசி, திங்கட்கிழமை வந்து அடுப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டான். அத்தை நிம்மதியாகச் சாப்பிடட்டும், தூங்கட்டும், டிவி பார்க்கட்டும் என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அடுப்படியை விட்டு எழுந்தால் நரசாயம்மாவுக்கு உட்கார வேறு இடம் கிடையாது என்று சன்யாசம்மாவுக்குத் தெரியும். பிள்ளையும் இல்லை, வேலையும் இல்லை என்றால் அந்த உடம்பில் உயிர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இருந்தது.

மத்தியானம் நரசாயம்மா மனையில் உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சன்யாசம்மா கீரை ஆய்கிற சாக்கில் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எதிர் ஜன்னலிலிருந்து கருவாட்டு வாடை வந்து அடுப்படியை நிறைத்தது. நரசாயம்மா புளிக் கோதைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

“வதினா, பங்காரம்மா என்ன பண்றா தெரியுதா?”

பிழிகிற கை நின்றது. “என்ன பண்றா?”

“நீங்கதான் சொல்லணும்.”

நரசாயம்மா ஜன்னலைப் பார்த்தாள். நாட்காட்டியைப் பார்த்தாள். “சனிக்கிழமைல்ல. கருவாடா இருக்கும்.”

“இருக்கும்னு சொல்றீங்க. வருதான்னு கேட்டேன்.”

 நரசாயம்மா கோதைப் புளித்தண்ணீரில் நழுவ விட்டாள். பிறகு குரலை இறக்கி, “கற்பூரம்கூட வரலே பிள்ளே” என்றாள். “போன வருஷக் காய்ச்சலோட போச்சு.”

ஏன் சொல்லவில்லை என்று சன்யாசம்மா கேட்டாள்.

“சொல்லி? மூக்கு செத்தவ கையில யாரு கரண்டியைக் குடுப்பா? உம் மவன் குடுப்பானா?” ராஜாம் ஆள் வரப்போவது அவளுக்கும் தெரிந்திருந்தது. “எப்படிக் கண்டுபிடிச்சே? உன் தாள் சொல்லிச்சா?”

“தாள் பாதிதான் சொல்லிச்சு. மீதி பங்காரம்மா சொன்னா. நீங்க திட்டறதில்லேன்னு அவளுக்கு ஒரே மனக்கஷ்டம்.”

நரசாயம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் முகம் கோணிக்கொண்டது. புளிக்கையால் கண்ணைத் துடைக்கப் போனவளைச் சன்யாசம்மா தடுத்து, முந்தானையைக் கொடுத்தாள்.

அப்போதுதான் நரசாயம்மா மற்றதைச் சொன்னாள். அவள் தகரப் பெட்டியில் ராமிநாயுடுவின் நீலச் சட்டை ஒன்று இருந்தது. கிளம்பின அன்று அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனது. அவள் அதைத் துவைக்கவே இல்லை. சனிக்கிழமை காலையில் விளக்கேற்றியதும் பெட்டியைத் திறந்து சட்டையை முகத்தில் வைத்துக்கொள்வாள். அவன் வாசனை வரும். இருக்கிறான் என்று பெட்டியை மூடுவாள். இத்தனை வருஷமாக அவளுக்குக் கிடைத்துவந்த தகவல் அது ஒன்றுதான். காய்ச்சல் விட்டு எழுந்த முதல் சனிக்கிழமை பெட்டியைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

“சட்டையை விட்டுப் போயிட்டான் பிள்ளே. கற்பூரமும் வரலே, எதுவும் வரலேங்கறது எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது. முதல்ல போனது அவன் வாசனை. அன்னிக்கே மனசு சொல்லிடுச்சு, எங்கியோ முடிஞ்சு போச்சுன்னு. விரதத்தை விட்டா ஏன்னு கேப்பாங்க, வாயால சொல்லணும். அதான் விடலே. சனிக்கிழமையானா அடுப்புல என்ன போட்டேன், என்ன போடலேன்னே நெனவு இருக்கறதில்லே.”

சன்யாசம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“வதினா, இன்னிக்குக் காலம்பற கற்பூரம் ஏத்தினீங்களே, எரிஞ்சுதா?”

“எரிஞ்சுது.”

“வாசனை வந்துதா?”

“அதான் வரலேங்கறேனே.”

“வாசனை வரலேங்கறதுக்காகக் கற்பூரம் எரியலேன்னு ஆயிடுமா?”

நரசாயம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப அவன் இருக்கானா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். கூடவே நேற்று யாரோ அவனைப் பார்த்ததாகவும் சேர்த்திருப்பேன். சன்யாசம்மாவுக்கு அது வராது.

“அது எனக்குத் தெரியாது. இருக்கான்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணுமில்லே. இல்லேன்னு சொல்ல உங்ககிட்டயும் ஒண்ணுமில்லே. உங்க மூக்கு போச்சு. நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

நரசாயம்மா எழுந்து உள்ளே போனாள். சட்டையோடு திரும்பி வந்தாள். “நீ பாரு” என்று நீட்டினாள்.

சன்யாசம்மா கையைக் கழுவிக்கொண்டு வாங்கினாள். முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். பாச்சை உருண்டை என்றாள். தகரம் என்றாள்.

“அப்புறம்?”

“பீடி.”

நரசாயம்மா கண்ணை மூடிக்கொண்டாள். “கழுதை. பிடிக்கறதே இல்லேன்னு வெங்கன்னா மேல சத்தியம் பண்ணான்.”

அன்றைய குழம்புக்கு நேரமாகிவிட்டது. நரசாயம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்; சன்யாசம்மா போகவில்லை, குண்டானுக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். கடுகு வெடித்தது, பெருங்காயம் ஏறவில்லை, இன்னும் கொஞ்சம் போடுங்கள், இப்போது ஏறிவிட்டது, புளியின் பச்சை வாடை இன்னும் போகவில்லை என்று பார்த்ததைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தாள். பெருங்காயத்தைக் கூடச் சொல்லிக் கேட்டுப் போடுகிற நிலைமை வந்துவிட்டதே என்று நரசாயம்மா முணுமுணுத்தாள். ஆனாலும் போட்டாள்.

உப்பு மட்டும் சன்யாசம்மாவின் மூக்குக்குப் பிடிபடவில்லை. அது நரசாயம்மாவின் பழைய வித்தை, எல்லோருக்கும் வராது.

திங்கட்கிழமை ராஜாம் ஆள் வந்தார். நரசாயம்மா அவருக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, கௌரீசைக் கூப்பிட்டாள். நடுக்கூடத்தில், மருமகள் காதுபட, வந்தவர் காதுபடச் சொன்னாள்: “மூக்கு போயிடுச்சுடா எனக்கு. போன வருஷமே போயிடுச்சு. மறைச்சது தப்பு. ஆனா நாக்கு இருக்கு. மத்த நாளைக்கு நாக்கு போதும். சனிக்கிழமைக்கு உங்கம்மா ஒரு வழி சொல்றா. சரிப்படலேன்னா நானே கரண்டியை இவரு கையில குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிடறேன்.”

கௌரீசு தலையைக் குனிந்துகொண்டான். சங்கராந்தி வரைக்கும் பார்க்கலாம் என்றான். ராஜாம் ஆள் டீயைக் குடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். சர்க்கரை போட மறந்திருந்தாள் என்று மருமகள் பிறகு என்னிடம் சொன்னாள். வந்தவர் நல்ல மனிதர்.

சன்யாசம்மா சொன்ன வழி இது. மற்ற நாட்களில் நரசாயம்மா ருசி பார்த்துத்தானே போடுகிறாள். சமைக்கிறதற்கு முன்னாலும் பின்னாலும் உப்பு ஜாடியை, புளிப் பானையை, வெல்லத்தைத் தராசில் வைத்து எடுத்தால் கை எவ்வளவு போடுகிறது என்று தெரிந்துவிடும். அதைச் சனிக்கிழமைக்கு எடுத்து வைத்துவிடலாம். கேட்க எளிதாக இருந்தது. எடை போட்டுப் பார்த்தால், ஒரு நாள் போட்டது மறுநாளுக்குப் பொருந்தவில்லை. ஒரே காய், ஒரே குண்டான், ஆனால் உப்பு ஏறியும் இறங்கியும் இருந்தது. கைக்குக் கணக்கே கிடையாது என்று கௌரீசு கையை விரித்துவிட்டான். சன்யாசம்மா புளியைப் பார்த்தாள். பழைய கறுத்த புளி போட்ட நாளெல்லாம் உப்பு ஏறியிருந்தது. புதுப் புளி போட்ட நாளெல்லாம் வெல்லம் ஏறி உப்பு இறங்கியிருந்தது. புளியைப் பிரித்து இரண்டு தாளாகப் புள்ளி வைத்ததும் கை ஒழுங்காக வந்து நின்றது. கை ஒவ்வொரு நாளும் ஒரே அளவைப் போடவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே ருசிக்குப் போட்டிருக்கிறது.

சனிக்கிழமை அடுப்பு மேடையில் கிண்ணங்கள் வரிசையாக நின்றன. இன்றைக்கு என்ன புளி என்று பார்த்து அதற்குத் தக்கபடி உப்பும் வெல்லமும் சன்யாசம்மா நிறுத்து வைத்திருந்தாள். நரசாயம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தாள். “எங் கையையே தராசுல ஏத்திட்டா இவ. நாளைக்கு நான் செத்தா கிண்ணத்துக்குக் கொள்ளி வெப்பே” என்றாள். சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். கடைசிக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகையை மட்டும் மீதி வைத்தாள். அது எதற்கு என்று கேட்டதற்கு, “அது எங் கைக்கு” என்றாள். அந்தச் சிட்டிகையையும் சன்யாசம்மா நிறுத்துக் குறித்துக்கொண்டாள்.

எல்லாம் உடனே நேராகிவிடவில்லை. விட்டுப் போனவர்களில் பலர் வேறு கடைக்குப் பழகிவிட்டார்கள்; அவர்கள் திரும்பவே இல்லை. உண்மையாகவே விரதம் இருக்கிறவர்களும் கொஞ்சம் பேர் இருந்தார்கள்; கௌரீசு சொன்னது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் வந்தவர்கள் தயிரோடு குழம்பையும் எடுத்துப் போனார்கள். தாளில் தயிரின் புள்ளியும் குழம்பின் புள்ளியும் பழையபடி பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. ஜாடியில் சனிக்கிழமைகளிலும் புளியங்கொட்டை விழ ஆரம்பித்தபோது கௌரீசு ராஜாமுக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அத்தையிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுப்படிக்கு ஒரு புது மின்விசிறி வாங்கி மாட்டினான். அது புகையை எல்லாம் பங்காரம்மா வீட்டுக்குத் தள்ளியது. நரசாயம்மா மூக்கில் ஒன்றும் வராவிட்டாலும் சனிக்கிழமை ஜன்னலில் நின்று, நாள் பார்த்து, திட்ட வேண்டியதைத் திட்டினாள். பங்காரம்மாவுக்கு மனம் ஆறியது.

விளக்கேற்றிய பிறகு பெட்டியைத் திறப்பதையும் அவள் விடவில்லை. ஆனால் இப்போது தனியாகத் திறப்பதில்லை, சன்யாசம்மாவைக் கூப்பிடுவாள். சன்யாசம்மா சட்டையை முகத்தில் வைத்துப் பார்த்து இருப்பதைச் சொல்வாள். பாச்சை உருண்டை, தகரம், பீடி. சில வாரம் பீடி கொஞ்சம் குறைவு என்பாள். கூட்டிச் சொன்னதில்லை.

அடுத்த மழைக்காலத்தில், ஓதம் ஏறிய ஒரு சனிக்கிழமை, சன்யாசம்மா சட்டையை வைத்து ஒரு முறை இழுத்தாள். திருப்பிப் பிடித்து, கழுத்துப்பட்டையில் வைத்து, இன்னொரு முறை இழுத்தாள். நரசாயம்மா விளக்கின் முன்னால் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாச்சை உருண்டை மட்டுந்தான் வருது வதினா” என்றாள் சன்யாசம்மா.

நரசாயம்மா சட்டையை வாங்கிக்கொண்டாள். மடியில் வைத்து, கையை மடித்து, காலரை நேராக்கி, சுருக்கம் இல்லாமல் நீவினாள். வெகு நேரம் நீவினாள்.

“பழசாயிடுச்சு” என்றாள். “சட்டைதானே.”

பெட்டியில் வைத்து மூடினாள். அன்றைக்கும் அவள் நாக்கில் ஒரு பருக்கை படவில்லை. முட்டியில் கையை ஊன்றி எழுந்து அடுப்படிக்குப் போய், இன்றைக்குப் பழைய புளியா புதுப் புளியா என்று கேட்டாள்.